ஜவ்வு, நரம்பு, எலும்பு: ஆய்வுச் செய்தி கைக்கு வந்தால் எப்படிப் படிப்பது?

பாளையங்கோட்டையில் நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதுகையும் காலையும் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான். பீடி சுற்றும் அக்காமார், மண்டியில் லோடு ஏற்றும் அண்ணாச்சிமார், நாளெல்லாம் பைக்கில் அலையும் மெடிக்கல் ரெப் தம்பிகள். ஒரு கையில் ஸ்கேன் கவர் இருக்கும், மறு கையில் போன். போனில் யாரோ அனுப்பிய செய்தி: ஜவ்வு (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்) விலகலுக்கு ஆபரேஷனே வேண்டாம், நரம்பு வலிக்குப் புது மாத்திரை வந்துவிட்டது, முதுகு வலியா உஷார் அது எலும்புப் புற்றுநோயாக இருக்கலாம்.

"மேடம், இது உண்மையா?"

இதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. இப்படிப்பட்ட செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் நிஜமான ஓர் ஆய்வு இருக்கும். அது யாரை வைத்து நடந்தது, எதோடு எதை ஒப்பிட்டது என்கிற விவரம்தான் வரும் வழியில் உதிர்ந்து போயிருக்கும். அதைத் தேடி எடுக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கும் ஒரு அரை மணி நேரமும் போதும்.

அதற்கு முன்னால் ஒன்று. சில நிலைமைகளில் எதையும் படித்துக்கொண்டு உட்காரக் கூடாது. உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப் போவது, சிறுநீர் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, இரண்டு காலும் பலம் இழப்பது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது: இவற்றில் எது வந்தாலும் அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக முதுகு வலி வந்தால் என்னைப் போன்றவர்களிடம் வராமல் முதலில் அந்தச் சிகிச்சை கொடுத்த டாக்டரைப் பார்க்க வேண்டும். பத்து முதல் இருபது வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முழங்காலை ஒட்டி வலியும் வீக்கமும் வாரக்கணக்கில் குறையாமல் இருந்தால், "விளையாடும்போது அடிபட்டிருக்கும்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருக்காமல் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். எலும்பிலேயே தோன்றும் ஆஸ்டியோசார்கோமா என்ற புற்று அதிகம் வருவது அந்த வயதில், அந்த இடத்தில்தான்.

அதே நேரம், எல்லா முதுகு வலியையும் புற்றுநோயோடு முடிச்சுப் போடுகிற செய்திகளுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1988-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் முதுகு வலியோடு வந்த 1,975 பேரைப் பார்த்தார்கள். புற்றுநோய் இருந்தது 13 பேருக்கு. வயது 50-க்குக் கீழ், முன்பு புற்றுநோய் வந்ததில்லை, காரணமில்லாமல் எடை குறையவில்லை, சாதாரண சிகிச்சைக்கு வலி கேட்கிறது என்று நான்கும் பொருந்தியவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. ராத்தூக்கம் கெட்டுப்போய் வருகிறவர்களிடம் நான் முதலில் இந்த நான்கையும்தான் கேட்பேன்.

சரி, இப்போது படிக்கிற வேலை.

செய்தியில் "ஒரு பல்கலைக்கழக ஆய்வு" என்று மட்டும் இருந்தால் நகர்ந்துவிடலாம். மருந்தின் பெயரோ, இதழின் பெயரோ, ஆண்டோ இருந்தால் அதை மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் போட்டுத் தேடுங்கள். காசு கிடையாது. பெரும்பாலான கட்டுரைகளுக்கு ஒரு பக்கச் சுருக்கம் இருக்கும். ஆங்கிலம்தான், ஆனால் போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு வசதி ஓரளவு புரிய வைத்துவிடும். அந்தச் சுருக்கத்தில் முறை, முடிவுகள் என்ற இரண்டு பத்திகளை மட்டும் முதலில் படியுங்கள். கடைசியில் வரும் தீர்ப்பு வரியை நான் எப்போதும் பிறகுதான் பார்ப்பேன். எழுதியவர்களின் ஆசை கொஞ்சம் கலந்திருக்கும் இடம் அது.

முதல் கேள்வி: எலியா, மனிதரா? புற்று பரவிய எலும்பின் வலியை ஆராய எலியின் தொடை எலும்புக்குள் புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்ப்பார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை அங்கே தடுத்தபோது எலிகளின் வலி நன்றாகக் குறைந்தது. அதே புரதத்தைத் தடுக்கும் தனேசுமாப் என்ற ஊசி மருந்து மூட்டுத் தேய்மானக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. மனிதர்களுக்கும் வலி குறையத்தான் செய்தது. ஆனால் சிலருக்கு மூட்டே வேகமாகச் சிதைய ஆரம்பித்தது. 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்ற கணக்கில் எதிராக வாக்களித்தது, அந்த ஆண்டே மருந்து கைவிடப்பட்டது. எலியில் நல்ல பலன் என்று படித்தால், நம் ஊர் மருந்துக் கடைக்கு வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் பாதிச் செய்திகள் விழுந்துவிடும். யாருக்குக் கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள்? 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மூளையைத் தொடாமல் வலி நரம்பிலேயே, வலிச் செய்தி கிளம்ப உதவும் ஒரு சோடியம் வாயிலை அடைக்கும் மருந்து, அபின் வகையைச் சேராதது. செய்தி வந்த வேகத்தில், என்னிடம் சயாட்டிகாவுக்கு (முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) வந்த ஒருவர், துபாயில் இருக்கும் மைத்துனர் மூலம் வாங்க முடியுமா என்று கேட்டார். அனுமதி எதற்கு என்று பார்த்தால், திடீரென வரும் நடுத்தர அல்லது கடும் வலிக்கு. சோதித்தது வயிற்றுச் சதையை வெட்டிச் சீராக்கும் அறுவை செய்தவர்களிடமும், கால் பெருவிரல் மூட்டுப் புடைப்பைச் சரிசெய்துகொண்டவர்களிடமும். சயாட்டிகாவுக்குத் தனியாக ஒரு சோதனை நடந்து, 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. பத்துக்கு இத்தனை என்று போடும் வலி மதிப்பெண், மருந்து சாப்பிட்டவர்களுக்கு சராசரியாக 2.02 குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 1.98 குறைந்தது.

முதல் எண்ணை மட்டும் தலைப்பாக்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மைத்துனருக்குப் போன் போட வேண்டிய அவசியம் அதோடு போய்விட்டது.

பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரையின் கதையும் இதே மாதிரி. சர்க்கரை நோயில் வரும் பாத எரிச்சல், அக்கிக்குப் பிறகு நிற்கும் எரிச்சல் போன்றவற்றுக்கு அது பயன்படும். சயாட்டிகாவுக்கும் தாராளமாக எழுதப்படுகிறது. 2017-இல் ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டாவது வாரத்தில் கால் வலி மதிப்பெண் பிரிகாபலின்காரர்களுக்கு 3.7, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 3.1. பக்கவிளைவுகள் 227-க்கு 124, அதிலும் தலைசுற்றல்தான் முக்கியம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை இன்றே தூக்கிப் போடக் கூடாது. பிரிகாபலினைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் குறைக்க வேண்டும். "எனக்கு இது எந்த நோய்க்காக, எத்தனை வாரம் பார்க்கலாம்?" என்று அவரிடம் கேளுங்கள். போதும்.

மூன்றாவது கேள்வி ஆபரேஷன் ஆய்வுகளுக்கு: குழுவாகப் பிரிக்கப்பட்டவர்கள் பிரித்த இடத்திலேயே இருந்தார்களா? 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் ஜவ்வு விலகிய 501 பேரைக் குலுக்கிப் போட்டு, ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறு பாதிக்கு மருந்தும் பயிற்சியும் என்றார்கள். இரண்டு ஆண்டு முடிவில் ஆபரேஷன் பக்கம் போட்டவர்களில் 60 சதவீதம் பேர்தான் ஆபரேஷன் செய்திருந்தார்கள். செய்யக் கூடாத பக்கத்தில் 45 சதவீதம் பேர் செய்துவிட்டார்கள். இப்படிக் கலந்துபோனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. நெதர்லாந்து ஆய்வு, 2007-இல் வந்தது, எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் சயாட்டிகா உள்ள 283 பேர். சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். பொறுத்துப் பார்த்த குழுவில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் பிறகு செய்துகொண்டார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். ஆக, கேள்வி இன்னும் சில மாதம் வலியோடு ஓட்ட உங்களால் முடியுமா என்பதுதான். சம்பளத்தோடு லீவு கிடைக்கும் ஆசிரியருக்கும், ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லாத அண்ணாச்சிக்கும் இதற்குப் பதில் ஒன்றாக இருக்காது. ஆய்வு அதைச் சொல்லாது, நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டும் கிட்டத்தட்ட ஓர் ஆய்வுச் செய்தி மாதிரிதான் வீட்டுக்கு வருகிறது. மேலப்பாளையத்திலிருந்து ஓர் அக்கா வருவார். மடியில் சுளகை வைத்துத் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர். ரிப்போர்ட்டில் எல்4-எல்5, எல்5-எஸ்1 ஆகிய, இடுப்புப் பக்கத்து முதுகெலும்பின் இரண்டு இடத்திலும் டிஸ்க் பிதுங்கல் என்ற வரியை அவர் மகன் சிவப்புப் பேனாவால் இரட்டைக் கோடு போட்டிருந்தான். தாள் மடிப்பில் கிழியும் அளவுக்கு அதை விரித்து விரித்துப் பார்த்திருக்கிறார்கள். "எக்கா, குனிஞ்சா வலிக்கா, கால்ல எறங்குதா?" என்று கேட்டேன். காலில் இறங்கவில்லை. குனிந்தாலும் பெரிதாக இல்லை, உட்கார்ந்தே இருந்தால்தான். நரம்பு அழுத்தத்துக்கான சோதனைகளில் எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது நடுநடுவே எழுந்து நடப்பதும், கொஞ்சம் உயரமான பலகையும், சில பயிற்சிகளும்.

1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது பிதுங்கல் இருந்தது. எல்லா ஜவ்வும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். அதனால் ரிப்போர்ட்டில் சொல்லும் பக்கமும் இடமும், உங்கள் காலில் வலி ஓடும் பக்கத்தோடும் பாதையோடும் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். ஒத்துப்போகாத பிதுங்கலுக்காக யாரும் கத்தியை எடுக்க வேண்டியதில்லை. இன்னொரு விசித்திரம்: பெரிதாக வெளியே வந்த ஜவ்வுதான் அதிகம் கரைகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015 கட்டுரை ஒன்றில், தனியாகப் பிரிந்துபோன துண்டுகளில் 96 சதவீதமும் வெறும் பிதுங்கலில் 13 சதவீதமும் தானாகச் சுருங்கியிருந்தன. வெளியே வந்த துண்டை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, வெள்ளணுக்களை அனுப்பித் தின்ன வைக்கிறது. ரிப்போர்ட்டில் பெரிய வார்த்தையைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள்.

எலும்பில் பரவிய புற்றுநோயில் ஆய்வைப் படிப்பதால் நேரடியாகக் கிடைக்கும் லாபம் ஒன்று உண்டு. முதுகெலும்பில் தெரியும் புற்று பெரும்பாலும் மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றிலிருந்து வந்ததுதான். அந்த வலிக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். 2005-இல் வெளியான ஆய்வில், மார்பக, புராஸ்டேட் புற்று எலும்பில் பரவிய சுமார் 900 பேரில் ஒரு குழுவுக்கு ஒரே தடவையில் 8 கிரே (கதிர்வீச்சின் அளவு), மற்றதற்குப் பத்துத் தடவையாக 30 கிரே. வலி குறைந்த அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. மறுபடி கதிர்வீச்சு தேவைப்பட்டவர்கள் ஒரு தடவைக் குழுவில் 18 சதவீதம், பத்துத் தடவைக் குழுவில் 9 சதவீதம். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து, படுக்கவும் முடியாத அப்பாவைக் கார் பிடித்துப் பத்து நாள் மதுரைக்குக் கூட்டிப்போகிற குடும்பத்துக்கு இது என்ன அர்த்தம் தரும் என்று சொல்லத் தேவையில்லை. "டாக்டர், இவருக்கு ஒரே தடவையில் கொடுக்க முடியுமா?" என்று கேட்கலாம், கேட்க வேண்டும். எலும்பு உடையும் நிலையில் இருந்தாலோ, தண்டுவடம் அழுந்தியிருந்தாலோ கணக்கு வேறு. அப்போது முடியாது என்பார், காரணமும் சொல்வார்.

கடைசியாக, ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம், ஆராய்ச்சியில் சேருங்கள் என்று யாராவது கூப்பிட்டால். இந்தியாவில் 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், அதே பெயருள்ள இணையதளத்தில் தேடுங்கள். யாரைச் சேர்ப்பார்கள், எதோடு ஒப்பிடுவார்கள், எந்த ஆஸ்பத்திரி என்று எல்லாம் அங்கே இருக்கும். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நடுவில் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது. படிவத்தைக் கையெழுத்து போடும் அன்றே கொடுத்தால், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.