படகு மரப் பேனாவில் குமிழி வருவது நின்றது இப்படித்தான்

சென்னை காசிமேட்டில் படகு பழுது பார்க்கும் இடத்தில் கழித்துப் போடும் மரத்துண்டுகளை வாங்கி, நீல ரெசினோடு (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக் திரவம்) சேர்த்து வார்த்துப் பேனா கடைகிறேன். பார்க்க அழகுதான். ஆனால் லேத்தில் கடையக் கடைய, மரமும் ரெசினும் சேரும் விளிம்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் வந்துகொண்டே இருந்தன. ரெசினில் சிக்கிய காற்றுக் குமிழிகள்தான் அவை.

ரெசின் கடைக்காரர், "மெதுவா கலக்கு தம்பி" என்றார். கலக்கினேன், மாறவில்லை. குமிழி எல்லாம் மரத்தை ஒட்டியே இருந்ததால் சந்தேகம் மரத்தின் மேல் திரும்பியது. நான் ஊற்றும் எபாக்ஸி வகை ரெசின் இறுகும்போது சூடாகும். அந்தச் சூட்டில் மரத்தின் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியே வரும். போதாததற்கு இது உப்பு ஊறிய மரம். உப்பு ஈரத்தை இழுக்கும். கடலோர ராயபுரம் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

இப்போது துண்டுகளை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குகிறேன். நிழலில் உலர்ந்தபின் 100 டிகிரி ஓவனில் வைத்து, அவ்வப்போது எடுத்துத் தராசில் நிறுக்கிறேன். எடை குறைவது நின்றால் ஈரம் போய்விட்டது. (வீட்டில் கேக் செய்யும் ஓவன் வேண்டாம், சண்டை வரும்.) ஆறும்வரை ஜிப் கவரில். அப்புறம் மரத்தின் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு ரெசின். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மீதியை ஊற்றுகிறேன். துளைகளை அடைப்பது இந்தப் பூச்சுதான், இதை மட்டும் விடாதீர்கள்.

பாலியூரித்தேன் ரெசின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஈரம் பட்டால் அது நுரைத்தேவிடும்.

பேனாவின் உள்ளே போகும் 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய்க்குத் துளை போடும்போது டிரில்லை அடிக்கடி வெளியே எடுங்கள். சூடேறினால் ரெசின் இளகும்.