பிக்கப் டிரக்கின் உயரத்தைக் கூட்டும் முன் எடையைப் பாருங்கள்

எத்தனை இன்ச் உயர்த்தலாம் என்பது அப்புறம். வண்டியில் எப்போதும் எவ்வளவு எடை இருக்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஸ்பிரிங்கை அதற்கேற்பத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காலி வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால் முதுகுவலிதான் மிச்சம். ஸ்பேசர் (ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் தடிமனான வளையம்) மலிவு, ஆனால் உயரம் மட்டுமே தரும்.

முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் (இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) என்றால் 2 இன்ச்சோடு நிறுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதைத் தாண்டினால் சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டான சிவி ஜாயின்ட்டின் கோணம் கூடி, அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் சீக்கிரம் கிழியும், சக்கரத்தை மேல்புறம் வண்டியோடு இணைக்கும் அப்பர் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டி வரும். பின்னால் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கா? உயரத்துக்காக அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைக்கும் கட்டையான பிளாக்கை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது. பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் வளையும் குழாய்) நீளம் போதுமா என்று சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.