வாடகை வீடு பார்க்கச் சாயங்காலம் போங்கள்

காலை பத்து மணிக்கு எந்த வீடும் குளுகுளுவென்றுதான் இருக்கும். சென்னையில் வீடு பார்ப்பதானால் மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் போங்கள். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் அப்போதுதான் சூட்டை அறைக்குள் விட ஆரம்பிக்கும்.

படுக்கையறையின் மேற்குச் சுவரில் புறங்கையை வையுங்கள். அடுத்து ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, ஏறி சீலிங்கைத் தொடுங்கள். அறைகளுக்கு நடுவே உள்ள சுவரைவிட இவை சுட்டால், அந்த வீட்டில் நள்ளிரவு தாண்டியும் ஏசி ஓடும். 1.5 டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். ராத்திரி ஆறு மணி நேரம் என்றால் மாதம் 180 யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 126 கிலோ.

சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். அதனால் கோடையில் அதிக வெயில் வாங்குவது மொட்டை மாடிதான். தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேட் போதும். மேற்கில் அது உதவாது; நாலு மணி வெயில் சாய்ந்து, சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். அங்கே மரமோ பக்கத்துக் கட்டடத்தின் நிழலோ இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்ட இடம் வேண்டும். உள்ளே திரை போடுவது தாமதமான வைத்தியம். கண்ணாடியைத் தாண்டிய சூடு வீட்டுக்குள் வந்தாயிற்று.

கடற்காற்று மதியத்துக்கு மேல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் ஒரு ஜன்னல், அது வெளியேற எதிர்ப்பக்கம் இன்னொன்று வேண்டும். கை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர் தட்டுகிறது என்றால் அந்த ஜன்னலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முன்பு குடியிருந்தவர்களின் கோடைகால ஈபி பில்லைக் கேளுங்கள். தொகையைவிட யூனிட்டைப் பாருங்கள்; இரண்டு மாதக் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் நடந்து பாருங்கள். புரோக்கர் சொல்லும் ‘அஞ்சு நிமிஷம்’ பைக்கில் போனால்தான். பஸ் ஸ்டாப், ரயில் நிலையம், பள்ளிக்கூடம், மளிகைக்கடை எல்லாம் பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றனவா, நடைபாதையும் தெருவிளக்கும் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கார் வாங்கிவிடுவீர்கள். தினம் 30 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் போனால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 50 லிட்டர் பெட்ரோல் ஆகும். லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வீதம் 115 கிலோ. கிட்டத்தட்ட ஓர் ஏசி!

மேல்மாடி வீடுதான் பிடித்திருக்கிறதா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே மாடிக்கு வெள்ளைக் கூல்ரூஃப் பூச்சு அடித்துத் தரச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் நடக்காது. வெறும் கான்கிரீட் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதுப் பூச்சு முக்கால் பங்குக்கு மேல் அனுப்பும். முதலில் விரிசலை அடைத்து, பாசியைச் சுரண்டிக் கழுவி, தளம் முழுக்கக் காய வேண்டும். ஈரத்தில் அடித்தால் கொப்பளித்து உரிந்துவிடும். காலை வேளையில் ஒரு கோட், அது காய்ந்தபின் குறுக்காக இன்னொரு கோட். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் வருஷா வருஷம் பிப்ரவரியில் மாடியைக் கழுவ வேண்டியது உங்கள் வேலை.