காற்று டேங்கின் இரண்டு காலும் சேசிஸில்

அபுதாபியின் லிவா பாலைவன மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்குக் குறைப்பேன்; தார்ச்சாலை ஏறியதும் மறுபடி 35. அதற்காகவே பிக்கப்பின் அடியில் 10 லிட்டர் காற்று டேங்க் மாட்டினேன். மூன்றாவது பயணத்திலேயே டேங்கைத் தாங்கும் பிராக்கெட் விரிசல் விட்டு, பைப் மூட்டில் காற்று கசிந்தது.

பிராக்கெட்டின் ஒரு காலை சேசிஸிலும் (வண்டியின் அடிச்சட்டம்) மறு காலைச் சரக்கு ஏற்றும் பின்தொட்டியிலும் முடுக்கியிருந்தேன். மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கும், பின்தொட்டி தனியாக அசையும். நடுவில் பிராக்கெட் தாங்காது.

இப்போது இரண்டு காலும் சேசிஸில்தான், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம். கிளாம்ப்புக்கு அடியில் ரப்பர், அதிர்வில் கழலாத நைலாக் நட்டு, விறைத்த பைப்புக்குப் பதில் வளையும் ஹோஸ். டேங்கின் உடலில் வெல்டிங் மட்டும் வைத்துவிடாதீர்கள், தகடு பலமிழந்து வெடிக்கலாம். சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை.