இன்ஜின் மாற்றிய சிறிய காருக்கு டிரைவ் ஷாஃப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய காரில் பெரிய இன்ஜினை உட்காரவைப்பவர்கள் பணத்தையும் பொறுமையையும் இன்ஜினிலேயே செலவழித்துவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். அப்போது கேட்கும் முதல் கேள்வி, "எந்த எஃகில் செய்தால் உடையாது?" என்பது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நான் பார்த்த வரையில், எஃகு சரியில்லாமல் போனதைவிட அளவு சரியில்லாமல் போன ஷாஃப்டுகளே அதிகம். இங்கே பேசுவது முன்சக்கர இயக்கக் கார்களைப் பற்றி.

காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் கியர்பாக்ஸிலிருந்து, சக்கரம் மாட்டும் ஹப் வரை டேப்பைப் பிடித்து ஒரே ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்களே, பெரும்பாலான தொல்லைகள் அங்கே தொடங்குகின்றன. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கத்தான், கியர்பாக்ஸ் பக்கமுள்ள உட்புற சி.வி. ஜாயின்ட் (கோணம் மாறினாலும் ஒரே சீராகச் சுழலும் இணைப்பு) உள்ளும் வெளியும் நழுவுகிறது. சக்கரப் பக்கமுள்ள வெளிப்புற ஜாயின்ட் வளைந்து கொடுக்கும், நழுவாது. ஷாஃப்ட் நீளமாகிவிட்டால், சஸ்பென்ஷன் அமுங்கும்போது உட்புற ஜாயின்ட் அடிமுட்டி, அடி முழுவதும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் மீதும் கியர்பாக்ஸ் கூட்டின் மீதும் விழும். குட்டையாகிவிட்டால், சக்கரம் தொங்கும்போது உட்புற ஜாயின்டின் உருளைகள், அவை ஓடும் கிண்ணத்தின் விளிம்புக்கு வந்துவிடும். ஒருநாள் கழன்றே வந்துவிடும்.

நான் முதன்முதலில் செய்வித்த ஷாஃப்ட் சில மில்லிமீட்டர் நீளம். நிற்கும் காரில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆள் ஏறி, வேகத்தடையில் இறங்கியபோதுதான் உள்ளிருந்து "டொக்" என்று ஒரு சத்தம். ஷாஃப்ட் பிழைத்தது, கியர்பாக்ஸில் எண்ணெய்க் கசிவு தொடங்கியது. செய்து கொடுத்தவர் மேல் பழியில்லை. நான் கொடுத்த அளவுக்குத்தான் அவர் கடைந்தார்.

அளவெடுப்பதற்கு முன் இன்ஜின் மவுன்ட்டுகள் இறுதி வடிவத்துக்கு வந்திருக்க வேண்டும். தற்காலிக மவுன்ட்டில் எடுத்த அளவு தற்காலிக அளவுதான். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பை ஜாக்கியால் முழுக்கத் தொங்கும் நிலையிலிருந்து முழுக்க அமுங்கும் நிலைவரை சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று நழுவும் இரண்டு குழாய்களையும் ஒரு பூட்டுத் திருகையும் வைத்து மாதிரி ஷாஃப்ட் செய்துகொண்டால் வேலை எளிது. காரின் வழக்கமான உயரத்தில் உட்புற ஜாயின்ட் அதன் நழுவுதூரத்தின் நடுவாக்கில் நிற்க வேண்டும். வேகமெடுக்கும்போது இன்ஜினும் மவுன்ட்டில் சாயும் என்பதால், இரு முனைகளிலும் மிச்சம் இருந்தே ஆக வேண்டும்.

இதே சோதனையில் கோணமும் தெரிந்துவிடும். வெளிப்புற ஜாயின்ட் 45 பாகையைத் தாண்டியும் வளையும். மூன்று உருளைகள் கொண்ட உட்புற ஜாயின்டுக்கு ஏறத்தாழ 25 பாகைதான் எல்லை. அந்த எல்லைக்குள்ளேயே கோணம் கூடினாலும், முடுக்கும்போது ஒரு சுற்றுக்கு மூன்று முறை என்ற கணக்கில் அதிர்வு கிளம்பும். சக்கரத்தைச் சமன் செய்து சமன் செய்து ஓய்ந்துபோகிறவர்கள், காரைத் தாழ்த்தியதால் இந்தக் கோணம் எவ்வளவு மாறியது என்று ஒருமுறை பார்க்கலாம்.

சுமைக் கணக்குக்கு வருவோம். இன்ஜினின் முறுக்குவிசையை மட்டும் சொல்லி ஷாஃப்ட் கேட்பதில் பொருளில்லை. இன்ஜின் 200 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 3.5, இறுதி விகிதம் 4 என்றால், டிஃபரென்ஷியலுக்கு வருவது 2,800. சாதாரண டிஃபரென்ஷியலில் ஆளுக்குப் பாதி, 1,400. ஆனால் 300 கிலோ எடை தாங்கும், 28 செ.மீ. ஆரமுள்ள சக்கரம், உராய்வுக் கெழு 1 என்று வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 820 நியூட்டன் மீட்டரிலேயே வழுக்கத் தொடங்கிவிடும். அதாவது டயர்தான் ஷாஃப்டுக்குக் காவல். ஆகவே, பந்தய டயர் மாட்டுவது அந்தக் காவலைக் குறைப்பதாகும்; இன்ஜினில் இன்னும் 20 குதிரைத்திறன் ஏற்றுவதைவிட ஷாஃப்டை அது அதிகம் வருத்தும். சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல் இருந்தால் பாதிக்குப் பாதி என்ற கணக்கும் பொய்த்துவிடும். கிளட்சைச் சட்டென விடுவதும், சக்கரம் தரையைப் பற்றிப் பற்றி விட்டுக் குதிப்பதும் எல்லாவற்றையும்விட மோசம். அந்த நொடி அடிகள் இந்தக் கணக்கில் வராதவை. சக்கரம் குதிக்கிறதென்றால் சஸ்பென்ஷன் புஷ்களையும் இன்ஜின் மவுன்ட்டுகளையும் சரிசெய்யாமல் தடித்த ஷாஃப்ட் வாங்குவது வீண் செலவு.

தடிமன் என்றதும் இன்னொரு பிழை. விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வலு கூடுகிறது, 25 மி.மீ. ஷாஃப்ட் 28 ஆனால் வலு ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். இதைக் கேட்டவுடன் நடுப்பகுதியை மட்டும் பருமனாகக் கடையச் சொல்கிறார்கள். முனையில் ஜாயின்டுக்குள் கோத்துக்கொள்ளும் ஸ்ப்லைன் பற்களின் அடிவிட்டம் மாறாதவரை அதனால் பயனில்லை, கெடுதல்தான். நடுப்பகுதி விறைப்பாகிவிட்டால் முறுக்கல் முழுவதும் முனையில் வந்து குவியும், அங்கேயே ஒடியும். நல்ல ஷாஃப்டில் நடுப்பகுதி, பற்களின் அடிவிட்டத்தைவிடச் சற்று ஒல்லியாக இருக்கும். அப்படி இருந்தால்தான் அடி விழும்போது முழு நீளமும் முறுகி அதை வாங்கிக்கொள்ளும். பற்கள் முடியும் இடமும் லாக் வளையத்தின் பள்ளமும் கூர்மையான மூலைகளோடு இருக்கக் கூடாது. விரிசல் பிறக்கும் இடம் அதுதான்.

இப்போது எஃகைப் பற்றிக் கேட்கலாம். 4340, 300எம், இஎன்24 எல்லாமே இந்த வேலைக்குப் பொருந்துபவை. ஆனால் பெயர் பாதி, பதம் மீதி. வெப்பப் பதம் செய்யாத 4340, நன்றாகப் பதம் செய்த தொழிற்சாலை ஷாஃப்டிடம் தோற்கும். எந்தக் கடினத்துக்குப் பதம் செய்யப்பட்டது, பற்கள் வெட்டிய பிறகா, முன்பா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கும் பட்டறையை விட்டுவிடலாம்.

பழைய ஷாஃப்டுகள் இரண்டை வெட்டி வெல்டிங் செய்து ஒன்றாக்கலாமே என்பார்கள். அளவு பார்க்கும் மாதிரியாக, தாராளமாக. ஓட்டுவதற்குக் கூடாது. தொழிற்சாலை ஷாஃப்டின் வெளித்தோல் கடினமாகவும் உள்ளகம் வலுத்தும் இருக்கும்படி பதம் செய்யப்பட்டிருக்கும். வெல்டிங் சூடு ஓரிடத்தை இளக்கும், பக்கத்து இடத்தை நொறுங்கும்படி ஆக்கும். ஓட்டத்தில் ஒடிந்த ஷாஃப்ட் சுழன்று பிரேக் குழாயை அறுக்கலாம். சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு பக்கம் ஒடிந்தாலே கார் நகராது. கியரில் போட்டு நிறுத்தினாலும் சரிவில் நிற்காது. கைபிரேக்கை மறக்க வேண்டாம்.

உள்முனை இன்ஜினோடு வந்த கியர்பாக்ஸுக்குச் சொந்தம், வெளிமுனை உங்கள் காரின் ஹப்புக்குச் சொந்தம். இரண்டு வெவ்வேறு கார்களின் பற்களும் ஒரே ஷாஃப்டில் வர வேண்டும். பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதும் என்று நம்ப வேண்டாம். விட்டமும் பல்லின் சாய்கோணமும் வேறுபடலாம். எண்ணைச் சொல்வதைவிட ஜாயின்டையே கொண்டுபோய்க் கொடுப்பது மேல். வெளி ஜாயின்டில் ஏபிஎஸ் பிரேக்குக்குச் சக்கர வேகத்தைக் காட்டும் பல் வளையம் இருந்தால் அதன் பல் எண்ணிக்கையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். இன்ஜின் வாங்கும்போதே அதன் ஷாஃப்டுகளையும், கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே இடைத்தண்டு இருந்தால் அதையும் அதைத் தாங்கும் பிராக்கெட்டையும் சேர்த்துக் கேளுங்கள், தேய்ந்திருந்தாலும் சரி. இடைத்தண்டை விட்டுவிட்டு ஒரு பக்கம் மட்டும் நீண்ட ஷாஃப்ட் போட்டால், முடுக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

எல்லாம் வலுவாகிவிட்டால் எது ஒடியும் என்றும் யோசிக்க வேண்டும். ஷாஃப்டுக்குப் பிறகு ஜாயின்டின் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு, அதற்குப் பிறகு கியர்பாக்ஸ். ஷாஃப்ட் மாற்றுவது ஒரு மாலை வேலை; கியர்பாக்ஸ் அப்படியல்ல. தெருவில் ஓடும் காருக்கு மிக வலுவானதைத் தேடாமல், கியர்பாக்ஸுக்கு முன்னால் ஒடியக்கூடியதைத் தேர்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பொருத்தும்போது ஹப் நட் புதியதாக இருக்கட்டும். தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஜாயின்டுக்கு உரிய கிரீஸ்தான் போட வேண்டும். பிறகு ஷாஃப்டின் நீளவாக்கில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். சில மாதம் கழித்து அந்தக் கோடு திருகலாகத் தெரிந்தால், எஃகு முறுகி மீளாமல் நின்றுவிட்டது. ஒடிவதற்கு முன்பே கழற்றிவிடலாம்.