பெருவிடைக் குஞ்சுகளுக்குக் கரையானும் அசோலாவும்

தாராபுரம் பக்கம் எங்கள் மேட்டாங்காட்டில் பெருவிடை என்ற பெரிய உடம்பு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இரண்டு மாதக் குஞ்சுகள் ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன. வாலடியில் ரத்தம் கசிந்தது. பேனாக இருக்குமோ என்று றெக்கையை விலக்கிப் பார்த்தேன், இல்லை. இடமும் தாராளம். அப்புறம்தான் தீனிமேல் சந்தேகம் வந்தது. கம்பிலும் சோளத்திலும் புரதம் சுமார் 10, 12 சதவீதம்தான். இறகோ பெரும்பாலும் புரதம். இறகு முளைக்கும் வயதில் அது பற்றாது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "கரையான் புடிச்சுப் போடு கண்ணு" என்றார். மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். விடிகாலையில் தூக்கினால் சாக்கு முழுக்க வெள்ளையாக நெளிந்தது. வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். பூச்சிமருந்து அடித்த காட்டில் பிடிக்கவே கூடாது.

கரையான் தினமும் கிடைக்காது. அதற்குத்தான் அசோலா, சாணி கரைத்த தண்ணீரில் மிதந்து வளரும் சின்னச் செடி. சாணி வாடை போக அலசி, தவிட்டில் பிசைந்து கொடுக்கிறேன். பச்சை அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர், அதை மட்டுமே நம்ப வேண்டாம். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் குஞ்சுகளின் கவனம் இறகை விட்டுக் கீரைக்குப் போகிறது. இந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

காயம்பட்டவற்றைப் பிரித்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினேன். ரத்தச் சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது. இப்போது கொத்துவது அடங்கி, முதுகில் புது இறகு குருத்து விட்டிருக்கிறது. முட்டையிடும் பெட்டைகளுக்கு மட்டும், முட்டை ஓடு கெட்டியாக, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன்.