புதையலறைக்கு வழிகாட்டும் செப்பேடு: கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்க் கோட்டையைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குச் சுரங்கப்பாதைக் கதை தெரியாமல் இராது. கோட்டைக்குள்ளிருந்து விரிஞ்சிபுரம் வரை நிலத்தடியில் ஒரு வழி போகிறது என்றும், ஆபத்துக் காலத்தில் அரச குடும்பம் அதன் வழியே தப்பிக்கலாம் என்றும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். ஆய்வாளர்கள் தேடியும் அப்படியொரு பாதைக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தாமே எழுத உட்காரும்போது, மறைந்த நிலவறை ஒன்றையும் அதற்கு வழி சொல்லும் பழம்பொருள் ஒன்றையும்தான் முதலில் கற்பனை செய்கிறார்கள். அந்தப் பழம்பொருள் பெரும்பாலும் செப்பேடாக, அதாவது எழுத்து வெட்டிய செப்புத் தகடாக இருக்கிறது. எங்கள் பக்கத்து இளைஞர்கள் எழுதிய இத்தகைய கதைகள் பலவற்றைக் கையெழுத்துப் படியாகவே படித்திருக்கிறேன். நானும் ஒன்றை எழுதி மூன்று முறை திருத்தியிருக்கிறேன். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளை இங்கே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் தாயான தவறு, அந்த ஏட்டை யார், யாருக்காக எழுதினார் என்று எண்ணிப் பாராமல் எழுதுவது. 'கிழக்கு நோக்கி நூறு அடி நட, இடப்புறம் திரும்பு, மூன்றாம் தூணைத் தள்ளு' என்று முன்பின் அறியாத எவருக்கும் புரியும்படி எழுதிவைப்பவருக்கு மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருவர் தாம் மறைத்ததைப் பற்றி எழுதிவைக்கிறார் என்றால், தமக்குப் பின் வரும் ஒரே ஓர் ஆளுக்காக எழுதுகிறார். அந்த ஆளுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். தெரிந்த பாதி ஏட்டில் இராது. தேடுபவர்கள் திண்டாட வேண்டியது அந்த விடுபட்ட பாதியால்தானே தவிர, ஆசிரியர் வலிந்து புகுத்தும் விடுகதைகளால் அல்ல. படையெடுப்புக்கு அஞ்சிக் கோயிலார் செப்புத் திருமேனிகளை மண்ணுக்குள் பத்திரப்படுத்திய வழக்கம் உண்மையில் இருந்தது. விழுப்புரம் பக்கத்து எசாலத்தில் 1987இல் திருமேனிகளும் இராசேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகளும் சேர்ந்தே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அப்படி மறைத்த ஒரு குருக்கள் தம் பேரனுக்கு என்ன எழுதுவார் என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் என் கதையின் ஏடு உயிர்பெற்றது. 'நாம் அமுது வைக்கும் கல்லுக்குத் தெற்கு' என்று மட்டும் அதில் எழுதினேன். எந்தக் கல் என்று பேரனுக்குத் தெரியும். முந்நூறு ஆண்டு கழித்து வருபவனுக்குத் தெரியாது.

செப்பேட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் அது உண்மையில் எதற்காகப் பிறந்த பொருள் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். அரக்கோணத்தை அடுத்த வேலூர்ப்பாளையத்தில் கிடைத்த, பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் செப்பேடுகளும், வாணியம்பாடிப் பக்கத்து உதயேந்திரத்தில் கிடைத்தவையும் நம் வட ஆற்காட்டு மண் தந்தவை. இவை தானப் பத்திரங்கள். மறைப்பதற்காக அல்ல, கேட்டவரிடம் எடுத்துக் காட்டுவதற்காக வளையமும் முத்திரையும் கோத்துக் கொடுக்கப்பட்டவை. அரசனின் புகழ் வடமொழியில் கிரந்த எழுத்திலும், நிலத்தின் எல்லை தமிழிலும் அமைவது பிற்காலப் பல்லவர் ஏடுகள் பலவற்றில் காணும் வழக்கம். 'கல்லும் கள்ளியும் நாட்டி' எல்லை வகுத்து, கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என்று நான்கு பக்கமும் எந்த வாய்க்கால், எந்த மேடு, எந்த ஊர் என அவை சொல்லிச் செல்வதைப் படித்தால், தரையில் கால் பதித்து நடந்து பார்த்தவர் எழுதிய எழுத்து அது என்பது விளங்கும். வழிகாட்டும் ஏட்டுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது. இன்னொன்றும் உண்டு: செம்பில் எழுத்து வெட்ட ஓர் ஆள் வேண்டும், பல ஏடுகளின் முடிவில் எழுதியவர் பெயரே இருக்கும். ஆகவே செப்பேட்டில் வெட்டிய இரகசியம் குறைந்தது இருவருக்குத் தெரிந்த இரகசியம். அந்த இரண்டாமவரைக் கதையில் காட்டாமல் விட்டால் கூர்ந்து படிப்பவர் நிச்சயம் கேட்பார்.

எழுத்தில் நேரும் தவறுதான் மிகுதி. சோழர் காலத்து ஏட்டைக் கையில் எடுத்த கதாநாயகன் செய்தித்தாள் படிப்பதுபோலப் படித்துவிடுகிறான். பழைய எழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படுவதில்லை. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். இன்று நாம் எழுதும் எ, ஏ வேறுபாடு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்துக்குப் பின் நிலைபெற்றது. இதைத் தடையாக நினைக்க வேண்டாம். கதைக்கு இது பெரும் கொடை. என் ஏட்டில் 'எரிக்கு வடக்கு' என்று ஒரு வரி வருகிறது. தேடி வந்தவர்கள் அதை எரி என்று படித்து, சுடுகாட்டுக்கு வடக்கே போய் இரண்டு நாள் அலைகிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்த ஓரெழுத்தை நீட்டி ஏரி என்று வாசித்த பிறகுதான், ஏரிக்கோடிப் பக்கம் அவர்கள் பார்வை திரும்புகிறது. பொறியும் பூட்டும் இல்லாமலே ஓர் அத்தியாயம் நடந்துவிட்டது.

ஆண்டைக் குறிப்பதிலும் இதே கவனம் வேண்டும். ஏட்டில் 'கி.பி. 1566' என்று எழுதியிருப்பதாக ஒரு படியில் கண்டேன். விசயநகர காலத்தில் சகாப்தமும் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரும் சேர்த்தே எழுதுவார்கள். சக ஆண்டோடு 78 கூட்டினால் நம் கணக்கு வரும். சகம் 1488 என்பது 1566, அட்சய ஆண்டு. சக எண் சிதைந்துபோய் 'அட்சய ஆண்டு ஆனி மாதம்' என்பது மட்டும் எஞ்சினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சுழற்சிப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். நாயக்கர் காலத்து 1566ஆகவும் இருக்கலாம். கோட்டைக்குள் சூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த 1806ஆகவும் இருக்கலாம், ஏனெனில் அதுவும் அட்சய ஆண்டே, அந்த நாளும் ஆனியில்தான் விழுந்தது. எழுத்தின் வடிவத்தை வைத்து எது என்று தீர்ப்பதே தேடுபவர்களின் வேலையாகட்டும்.

அடி, மீட்டர் என்று தூரம் சொல்வதும் பொருந்தாது. கோல் கொண்டு அளந்த காலம் அது. பன்னிருசாண் கோலும் பதினாறுசாண் கோலும் கல்வெட்டுகளில் வருகின்றன. சாணுக்கு முக்கால் அடி என்று வைத்தால் நாற்பது கோல் என்பது ஒரு கோலில் 360 அடி, மற்றதில் 480 அடி. எந்தக் கோல் என்று சொல்லாமல் விட்ட ஏடு, தேடுபவனை 120 அடி தள்ளித் தோண்டவைக்கும்.

நிழலை வைத்து இடம் காட்டும் கதைகளில்தான் மிகப் பெரிய பிழை நேர்கிறது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் நிழல் பார்த்து நேரம் அறியும் கல் இருப்பதால் எங்கள் பக்கத்தவர்களுக்கு இந்த உத்தி மேல் தனி ஆசை. 'உச்சிவேளையில் கொடிமரத்தின் நிழல் நுனி விழும் இடம்' என்று எழுதிவிட்டு, நாளைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வேலூர் ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருக்கிறது. 40 அடி மரத்தின் உச்சிவேளை நிழல் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வடக்கே சுமார் 29 அடி நீளும். ஜூன் மூன்றாம் வாரத்தில் தெற்கே சுமார் 7 அடிதான் விழும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் ஒவ்வொரு நாள் நிழலே இராது. ஆகவே நாள் குறிக்காத நிழல் எந்த இடத்தையும் காட்டாது. நாளைக் குறித்துவிட்டால், அந்த நாளுக்காக ஓராண்டு காத்திருப்பதும் கதையாகும்.

பொருளின் தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மண்ணில் கிடந்த செம்பு பச்சைக் களிம்பேறி இருக்குமே அன்றிப் பளபளக்காது. கதாநாயகி அதைப் புளி போட்டுத் தேய்த்து எழுத்தைப் படிப்பதாக எழுதாதீர்கள்; புளிப்பு களிம்போடு எழுத்தின் விளிம்பையும் அரித்துக்கொண்டு போகும். அகழிக் கரையை ஒட்டி ஆழத்தில் நிலவறை அமைத்தால் அதில் தண்ணீர்தான் நிற்கும், ஓலைச்சுவடி நிற்காது.

சட்டத்தையும் கதைக்குள் கொண்டுவர வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதுவும் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்த ஆட்சியர் என்பது கதை நடக்கும் ஆண்டைப் பொறுத்தது. அரக்கோணத்துக் கதை 1989க்கு முன் நடந்தால் வட ஆற்காடு மாவட்டம். 2019க்குப் பின் நடந்தால் ராணிப்பேட்டை மாவட்டம். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், நள்ளிரவில் அங்கே நால்வர் மண்வெட்டியோடு நுழைந்து தோண்டிவிட்டுத் திரும்புவது நடக்கிற காரியம் அன்று.

கடைசியாக நான் மன்றாடிக் கேட்பது ஒன்று. புதையலை நடுகல்லின் அடியில் வைக்காதீர்கள். செங்கம் முதல் குடியாத்தம் வரை எங்கள் ஏரிக்கரைகளிலும் கொல்லைகளிலும் நிற்கும் நடுகற்கள், ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் மடிந்தவர்களுக்கு எடுக்கப்பட்டவை. அவற்றின் அடியில் பொன் இல்லை. கல்லில் வெட்டிய எழுத்துக்குப் புதையலின் இரகசியம் என்று பொருள் கற்பித்துக்கொண்டு கடப்பாரையோடு வருபவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஏரிக்கரையில் அப்படித் தோண்டிய குழியை நான் பார்த்தேன். கல் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. வீரனின் வில் பிடித்த கை உடைந்து தனியே விழுந்திருந்தது. குழியில் செம்மண்ணும் வேரும் தவிர வேறொன்றும் இல்லை. என் கதையின் முதல் படியில் நானும் நடுகல்லைத்தான் அடையாளமாக வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். இப்போது அந்த ஏடு கோயிலுக்குள்ளேயே, குருக்களின் பேரன் நாள்தோறும் அமுது வைக்கும் கல்லுக்கு அழைத்துப் போகிறது.